மட்டக்களப்பிலிருந்து டிரெசாஜ் அரங்குக்கு: குதிரையேற்ற வீரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் தொழில் அமைத்துக்கொள்வது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வளரும் பிள்ளைகள் பலருக்குக் குதிரை என்பது வேட்டைத் திருவிழாவன்று சுவாமி எழுந்தருளும் மர வாகனம்தான். உயிருள்ள குதிரையின் அருகில் நின்று அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தவர்கள் இங்கே மிகக் குறைவு. ஆயினும், முன்கூட்டியே வகுத்த அசைவுகளைக் குதிரை சவாரியாளரோடு இசைந்து செய்து காட்டும் டிரெசாஜ் போட்டியை ஒலிம்பிக்கில், திரையில் பார்த்துவிட்டு, குதிரை இசைக்கு ஏற்ப அடியெடுத்து வைப்பதில் மனதைப் பறிகொடுத்து, இதையே தொழிலாகக் கொள்ள முடியுமா என்று கேட்கும் இளைஞர்களும் யுவதிகளும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த வழிகாட்டி அவர்களுக்கும், அந்தக் கேள்வியைக் கேட்டுத் திகைத்துப்போன பெற்றோருக்கும் உரியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குதிரை வாங்குவதில் தொடங்காதீர்கள், லாயத்தில் வேலை செய்யக் கற்பதில் தொடங்குங்கள். கிழக்கிலிருந்து புறப்படுபவர் முதலில் குதிரை பராமரிப்பவராகவும், பின்னர் பிறருடைய குதிரைகளைப் பழக்குபவராகவும், அதன்பின் பயிற்றுவிப்பாளராகவும், இவற்றினூடாகவே போட்டியாளராகவும் உருவாவதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும் வரிசை. இதைத் தலைகீழாக்க முயல்பவர் பணத்தையும் ஆண்டுகளையும் இழப்பதோடு, ஒரு குதிரையையும் துன்பத்துக்கு உள்ளாக்குவார்.

விளையாட்டை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

டிரெசாஜ் போட்டி 60 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்ட சமதளமான மணல் அரங்கில் நடைபெறுகிறது. தொடக்க நிலைப் போட்டிகளுக்கு 40 மீற்றர் நீள அரங்கும் போதும். அரங்கின் ஓரங்களில் ஆங்கில எழுத்துகள் நடப்பட்டிருக்கும். எந்த எழுத்தில் திரும்ப வேண்டும், எந்த எழுத்தில் வேகத்தை மாற்ற வேண்டும், எங்கே அசையாது நிற்க வேண்டும் என்பனவெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை புள்ளியிடுவார்கள். அந்த அசைவு செய்யப்படவே இல்லையென்றால் 0, குறையேதும் இல்லாத சிறப்புக்கு 10. கடினமான சில அசைவுகளின் புள்ளி இரட்டிப்பாகக் கணக்கிடப்பட்டு, கூட்டுத்தொகை இறுதியில் சதவீதமாக அறிவிக்கப்படும். வழக்கமான சர்வதேசப் போட்டியில் ஐந்து நடுவர்களும் ஒலிம்பிக்கில் ஏழு நடுவர்களும் அரங்கைச் சுற்றி வெவ்வேறு கோணங்களில் அமர்ந்திருப்பார்கள். ஆகையால் ஒருவர் கண்ணுக்குத் தப்பும் கோணல் இன்னொருவர் கண்ணுக்குத் தப்பாது.

நடுவர் தேடுவதெல்லாம் ஒரு படிநிலைக்குள் அடங்கும். ஜேர்மனியப் பயிற்சி மரபில் உருவான அந்தப் படிநிலை சீரான தாளத்தில் தொடங்குகிறது. உடல் இறுக்கமின்மை, கடிவாள இரும்போடு மென்மையான தொடுகை, பின்னுடலிலிருந்து எழும் உந்துவிசை, வளையாத நேர்த்தடம் என்று வளர்ந்து, பின்னங்கால்கள் கூடுதல் பாரத்தை ஏற்க முன்னுடல் இலேசாகும் நிலையில் முடிகிறது. தாளம் குலைந்த குதிரையிடம் கடைசிப் படியை எதிர்பார்க்கும் சவாரியாளர்களை எல்லா நாடுகளிலும் காணலாம். அவர்களுடைய குதிரைகள் கழுத்தை மடித்து அழகாகத் தோன்றும், ஆனால் முதுகு இறுகி, வால் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும். காணொளிகளைப் பார்க்கும்போது தலையைப் பார்க்காமல் முதுகையும் வாலையும் பின்னங்கால்களையும் பார்க்கப் பழகுங்கள். இந்த ஒரு பழக்கம் பின்னாளில் உங்களை நல்ல பயிற்றுவிப்பாளராக்கும்.

குதிரை இல்லாத ஊரில் கற்கக்கூடியவை

குதிரை கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இந்தக் கலையில் கணிசமான பகுதியை ஊரிலிருந்தபடியே கற்கலாம், அதற்குச் செலவும் மிகக் குறைவு.

முதலாவது, அரங்கின் அளவு. விடுமுறைக் காலத்தில் பாடசாலை மைதானத்தில் அனுமதி பெற்று, அளவுநாடாவும் கயிறும் சுண்ணாம்பும் கொண்டு 60 மீற்றருக்கு 20 மீற்றர் செவ்வகம் ஒன்றை வரையுங்கள். நீளப் பக்கத்தில் மூலையிலிருந்து 6 மீற்றரில் முதல் எழுத்தும், அதன்பின் 12 மீற்றருக்கு ஒன்றாக ஏனைய எழுத்துகளும் வரும். கடைசி எழுத்துக்கும் அடுத்த மூலைக்கும் இடையே மீண்டும் 6 மீற்றர் இருக்கும். சிறிய அரங்கென்றால் 6, 14, 14, 6 என்று அமையும். தொடக்க நிலைப் பரீட்சைத் தாள் ஒன்றைப் பெற்று, அதைக் கால்நடையாகவே நடந்து பாருங்கள். 20 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தை முட்டை வடிவமாகாமல் நடப்பது எத்தனை கடினம் என்பது அப்போது விளங்கும். வட்டம் கோணலாவதும், மூலை வெட்டப்படுவதும், நடுக்கோட்டில் தள்ளாடுவதும் தொடக்க நிலையில் வீணே புள்ளி இழக்கும் இடங்கள், இவற்றுள் எதற்கும் குதிரையைக் குறை சொல்ல இயலாது.

இரண்டாவது, தாளம். நடையில் குதிரையின் நான்கு குளம்புகளும் தனித்தனியே நிலத்தைத் தொடுவதால் நான்கு அடிகள் கேட்கும். ட்ரொட் என்னும் ஓட்டநடையில் மூலைவிட்டக் கால்கள் இணையாக விழுவதால் இரண்டு அடிகளும், கன்டர் என்னும் பாய்ச்சலில் மூன்று அடிகளும் அதன்பின் எல்லாக் கால்களும் நிலத்தை விட்டெழும் ஒரு கணமும் இருக்கும். சங்கீதமோ நடனமோ பயின்ற பிள்ளைக்கு இந்த எண்ணிக்கை புதிதன்று. சதுஸ்ரத்தையும் திஸ்ரத்தையும் கையால் போட்டுப் பழகியவர் குதிரையின் தாளம் பிசகும் கணத்தைச் சேணத்தில் ஏறும் முன்னரே காதால் பிடித்துவிடுவார். கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியல் கற்கைகள் நிறுவகம் இயங்கும் மாவட்டத்தில் இந்தப் பயிற்சிக்கு ஆசிரியர் கிடைக்காமல் போக மாட்டார். பின்னாளில் இசையோடு அமையும் சுதந்திர நிகழ்ச்சியை அமைக்கும்போதும் இந்த அறிவு பயன்படும். ஓர் எச்சரிக்கை மட்டும்: பரதநாட்டியத்தின் அரைமண்டி தொடைகளை வெளிப்புறமாகத் திருப்பிப் பழக்குகிறது, சேணத்தில் தொடை தளர்ந்து கீழ்நோக்கித் தொங்க வேண்டும், முழங்கால் வெளியே திரும்பக் கூடாது. நடனம் பயின்றவர்கள் சமநிலையை வைத்துக்கொண்டு இந்தத் திருப்பத்தை மறக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, விலங்கோடு பழகும் கை. பட்டியில் மாடு மேய்த்து வளர்ந்த பிள்ளைக்கு நகரத்துப் பிள்ளையிடம் இல்லாத மூலதனம் ஒன்று உண்டு. காதின் அசைவையும் கண்ணின் மிரட்சியையும் பார்த்து விலங்கின் மனநிலையை அறியும் திறன்தான் அது. ஐரோப்பிய லாயங்களில் வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் சான்றிதழுக்கு முன் இதைத்தான் கவனிக்கிறார்கள் என்பதால், விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட வெட்கப்படாதீர்கள். ஆனால் மாட்டறிவை அப்படியே குதிரைக்குப் பொருத்த முடியாது. குதிரை அசைபோடுவதில்லை, வாந்தி எடுக்கவும் அதனால் முடியாது. அச்சம் வந்தால் எதிர்த்து நிற்பதைவிட ஓடுவதையே அது தேர்ந்தெடுக்கும்.

நான்காவது, மொழியும் படிப்பும். ஆங்கிலம் தவிர்க்க முடியாதது. ஜேர்மனிக்குச் செல்லும் எண்ணமிருந்தால், க.பொ.த. உயர்தரம் படிக்கும்போதே ஜேர்மன் மொழியைத் தொடங்கி, இடைநிலைத் தேர்ச்சியான பி1 நிலையை இலக்காகக் கொள்ளுங்கள். உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு உள்ளவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்தையும் மனதில் வைத்துக்கொள்ளலாம். குதிரையை அறிந்த கால்நடை வைத்தியர் நாட்டில் அரிதாக இருப்பதால், சவாரியில் மேல்நிலையை அடையாவிட்டாலும் அவருக்குத் தொழில் இருக்கும்.

முதல் இருக்கை

கிழக்கில் டிரெசாஜ் பயிற்சிக்கூடம் ஒன்றை நம்பித் திட்டமிட முடியாது. கொழும்பைச் சூழவுள்ள சவாரிக் கழகங்களையே நாட வேண்டியிருக்கும். நுவரெலியாவில் பந்தயத் திடலும் குதிரைகளும் உண்டு, ஆனால் கிரகரி வாவிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரையில் அரை மணி நேரம் உட்கார்வதைப் பயிற்சி என்று எண்ணிவிடக் கூடாது. வார இறுதியில் இரவுப் புகையிரதத்தில் போய் ஒரு மணி நேரம் சவாரி செய்துவிட்டுத் திரும்புவதைக் காட்டிலும், பாடசாலை விடுமுறையில் ஒரு மாதம் தங்கி, காலையில் லாயத்தைச் சுத்தம் செய்து, அதற்கு ஈடாகச் சவாரி கற்கும் ஏற்பாடு பன்மடங்கு பயன் தரும்.

கழகத்தைத் தெரிவு செய்யும்போது விலைப்பட்டியலைக் கேட்பதற்கு முன் சேணம் நீக்கிய குதிரையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். முதுகிலும் வயிற்றுவாரின் கீழும் புண் இருக்கிறதா, வாயின் ஓரங்கள் வெடித்திருக்கின்றனவா, குளம்புகள் பிளந்திருக்கின்றனவா, தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா என்பவற்றை நீங்களே பாருங்கள். பார்க்க அனுமதிக்காத இடத்தில் கற்கவும் வேண்டாம். தொடக்கப் பாடங்கள் நீள்கயிற்றில் நடக்க வேண்டும்: பயிற்றுவிப்பாளர் நடுவில் நின்று கயிற்றைப் பிடித்திருக்க, குதிரை அவரைச் சுற்றி வட்டமிட, மாணவர் கடிவாள வாரைப் பற்றாமலும் அங்கவடியில் கால் வைக்காமலும் உட்காரப் பழகுவார். கைகள் சமநிலைக்காகக் கடிவாளத்தில் தொங்குவதை நிறுத்தும்வரை வாரைக் கையில் கொடுக்காத ஆசிரியரே நல்ல ஆசிரியர். இது சலிப்பூட்டும் காலம், பலர் இங்கேதான் விலகிப்போகிறார்கள்.

தலைக்கவசம் பற்றித் தனியாக வாதிடத் தேவையில்லை. உச்சநிலைப் போட்டியாளர்கள் பாரம்பரியமாக அணிந்துவந்த உயர்ந்த தொப்பியையே 2021 முதல் சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனம் நீக்கி, பாதுகாப்புத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிவிட்டது.

கடல் கடந்து கற்றல்

நாட்டுக்குள் அடிப்படை அமைந்ததும் வெளியே போகத்தான் வேண்டும், ஏனெனில் உயர்நிலை டிரெசாஜை அறிந்த குதிரைகள் இங்கே இல்லை. இந்தக் கலையில் சவாரியாளருக்குக் கற்பிப்பது பயிற்சி பெற்ற முதிய குதிரையே. முன்பின் அறியாத சவாரியாளர் பழகாத குதிரையில் ஏறினால் இருவரும் பிழையை மட்டுமே கற்பார்கள்.

ஜேர்மனியில் குதிரைத் தொழில் சட்டப்படி அங்கீகரிக்கப்பட்ட மூன்று ஆண்டுத் தொழிற்பயிற்சியாக இருக்கிறது. பயிலுநர் லாயத்தில் வேலை செய்து மாதாந்தக் கொடுப்பனவு பெறுவதோடு தொழிற்பாடசாலையிலும் படிக்கிறார். செவ்வியல் சவாரிப் பயிற்சி, பராமரிப்பு, இனப்பெருக்கம் முதலிய பிரிவுகளில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். பிரித்தானியாவில் 1947 இல் தொடங்கிய பிரித்தானியக் குதிரைச் சங்கம் படிப்படியான தேர்வுகளை நடத்துகிறது. பராமரிப்பில் தொடங்கிச் சவாரி, கற்பித்தல் என்று உயரும் அந்தச் சான்றிதழ்கள் பல நாடுகளில் மதிக்கப்படுகின்றன. வளைகுடா நாடுகளும் ஒரு வழிதான். டோகாவிலுள்ள அல் ஷகப் போன்ற நிலையங்களில் சர்வதேச டிரெசாஜ் போட்டிகள் நடக்கின்றன, அந்தப் பிராந்தியத்தின் லாயங்களில் தெற்காசியர் பலர் பணிபுரிகிறார்கள். ஆனால் லாயப் பணியாளர் என்று அழைக்கப்பட்டுப் போய் வேறு வேலையில் சிக்குவோரும் உண்டு. ஒப்பந்தத்தில் வேலையின் பெயர், நாளொன்றுக்கு எத்தனை குதிரைகள், வார ஓய்வு, சவாரிக்கு நேரம் ஆகியவை எழுத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் புறப்படாதீர்கள். உறவினர் இருக்கும் நாடு என்பதற்காக மட்டும் நாட்டைத் தெரிவு செய்வதும் சரியன்று, மாமா வீடு நகரத்தின் நடுவில் இருக்கும், லாயம் அங்கிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும்.

இந்த வழி வெறும் ஆறுதல் அல்ல என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2012 இலும் 2016 இலும் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் வென்ற பிரித்தானியரான ஷார்லட் டுஜார்டின், டிரெசாஜ் வீரரான கார்ல் ஹெஸ்டரின் லாயத்தில் பணியாளராகச் சேர்ந்தவர். அவரை உலகப் புகழுக்கு உயர்த்திய வலெக்ரோ அவருடைய சொந்தக் குதிரையன்று. பாரிஸ் 2024 வரை எட்டுத் தங்கமும் ஆறு வெள்ளியுமாகப் பதினான்கு ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்ற ஜேர்மனியின் இசபெல் வெர்த்தும் தம் அயலில் இருந்த பயிற்றுவிப்பாளர் ஒருவரின் குதிரைகளில்தான் மேலெழுந்தார். கொல்கத்தாவில் பிறந்த அனுஷ் அகர்வாலா பதின்பருவத்திலேயே ஜேர்மனிக்குச் சென்று பயிற்றுவிப்பாளர் ஹூபர்ட்டஸ் ஷ்மிட்டிடம் பயின்றார். 2023 இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவரும் திவ்யகிருதி சிங், ஹிருதய் செத்தா, சுதிப்தி ஹஜேலா ஆகியோரும் சேர்ந்து இந்தியாவுக்குக் குழுத் தங்கம் பெற்றுக்கொடுத்தனர். தனிநபர் வெண்கலமும் அவருக்கே கிடைத்தது, 2024 இல் ஒலிம்பிக் டிரெசாஜில் பங்கேற்ற முதல் இந்தியரும் அவரே. இவர்களுள் அனுஷின் பாதையை வசதி படைத்தவரின் பாதை என்று ஒதுக்கிவிடலாம், அது பெருமளவு உண்மையும்கூட. டுஜார்டின் தொடங்கிய பாதையை அப்படி ஒதுக்க முடியாது.

போட்டியும் வருமானமும்

போட்டி நிலைகள் படிக்கட்டாக அமைந்திருக்கின்றன. தேசிய மட்டத்துத் தொடக்க நிலைகளைக் கடந்து, பிரி செயின்ட் ஜோர்ஜ், இன்டர்மீடியட், கிராண்ட் பிரி என்று அது உயர்கிறது. கிராண்ட் பிரியில் குதிரை நின்ற இடத்திலேயே ட்ரொட் அடி வைக்க வேண்டும், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்னணிக் காலை மாற்ற வேண்டும். சர்வதேசக் கிராண்ட் பிரிக்குக் குதிரைக்குக் குறைந்தது எட்டு வயதாகியிருக்க வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான குதிரைகள் அதைவிடப் பிந்தியே அந்நிலையை அடைகின்றன. ஆகவே இளங்குதிரையோடு தொடங்குபவர் பல ஆண்டுகளைக் கணக்கில் எடுக்க வேண்டும். நல்ல வேளையாக, இது வயதானவர்களை வெளியே தள்ளாத விளையாட்டு. ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் 71 வயதில் டிரெசாஜ் அரங்கில் இறங்கினார். இருபது வயதில் முதன்முதல் சேணத்தில் ஏறுபவரும் காலம் கடந்தவர் அல்லர்.

ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு எப்போது நகர்வது என்பதைச் சதவீதம் சொல்லும். வெவ்வேறு நடுவர்களிடம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து வரும்வரை அதே நிலையில் இருப்பதே என் பரிந்துரை. புள்ளித்தாளைப் பெற்றதும் மொத்தத்தைப் பார்த்து மடித்து வைத்துவிடாமல், நடுவர் எழுதிய குறிப்புகளில் எந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது என்று தேடுங்கள். அடுத்த மாதத்துப் பயிற்சித் திட்டம் அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

இலங்கைக் கொடியின்கீழ் போட்டியிட விரும்புபவர் இங்குள்ள குதிரையை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று கனவு காண வேண்டாம். விலங்குத் தனிமைப்படுத்தல் விதிகள் எத்தனை கடுமையானவை என்றால், 1956 இல் மெல்பேர்ணில் நடந்த ஒலிம்பிக்கின் குதிரையேற்றப் போட்டிகளை மட்டும் சுவீடனின் ஸ்டொக்ஹோமில் நடத்த நேர்ந்தது. ஐரோப்பாவில் தங்கி, அங்குள்ள குதிரையோடு நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்வதே சாத்தியமான வழி. டோக்கியோ ஒலிம்பிக்கில் தடைதாண்டல் பிரிவில் இலங்கைக்காகப் போட்டியிட்ட மத்தில்டா கார்ல்சன், இங்கே பிறந்து சுவீடன் குடும்பத்தால் தத்தெடுக்கப்பட்டு ஐரோப்பாவிலேயே வளர்ந்தவர். குதிரையேற்றத்தில் இலங்கையின் முதல் ஒலிம்பிக் போட்டியாளரும் அவரே.

பரிசுத் தொகையை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடுவதும் ஆகாது. இத்துறையினர் பாடம் நடத்துவதிலும், பிறர் குதிரைகளைப் பழக்குவதிலும், அவற்றின் விற்பனையில் உதவிப் பெறும் தரகிலுமே பிழைக்கிறார்கள். அதனால்தான் கற்பித்தலை ஓய்வுக்காலத்து வேலையாகக் கருதாமல், இருபதுகளிலேயே சான்றிதழோடு கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

கற்பிப்பவராதல்

நல்ல சவாரியாளர்கள் பலர் நல்ல ஆசிரியர்களாக இருப்பதில்லை. தம் உடல் தானாகச் செய்வதை அவர்களால் விளக்கிச் சொல்ல முடிவதில்லை. கற்பிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு திருத்தத்தை மட்டும் சொல்லுங்கள். ‘குதிகாலைக் கீழே, கையை மேலே, பார்வையை முன்னே’ என்று ஒரே மூச்சில் அடுக்கினால் மாணவர் மூன்றையும் விட்டுவிடுவார். விளைவைத் திருத்தாமல் காரணத்தைத் திருத்துங்கள். கை துள்ளுகிறதென்றால் பெரும்பாலும் இடுப்பு இறுகியிருக்கும். கையைப் பற்றிப் பேசாமல் மூச்சை வெளியே விடச் சொன்னால் கை தானாக அடங்கும். மாணவர் சரியாகச் செய்த அந்தக் கணத்திலேயே சொல்லிவிட வேண்டும், வட்டத்தைச் சுற்றி வந்தபின் சொன்னால் எதைப் பாராட்டினீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. தமிழிலேயே கற்பியுங்கள், அரங்கின் எழுத்துகளையும் அசைவுகளின் பெயர்களையும் மட்டும் சர்வதேச வழக்கில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் பயப்படும்போது ‘அம்மா’ என்றுதான் கத்துவார்கள், அந்த நேரத்தில் ஆங்கிலக் கட்டளை காதில் ஏறாது.

சவாரியாளரும் சேணமும் சேர்ந்த பாரம் குதிரையின் எடையில் 15 முதல் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. 400 கிலோ எடையுள்ள குதிரையில் பருத்த பெரியவர் ஒருவரை ஏற்ற மறுக்கும் துணிவு ஆசிரியருக்கு வேண்டும், அவர் ஊரின் பெரிய மனிதராக இருந்தாலும்.

குதிரைக்கு நிகழும் கொடுமையை இந்த விளையாட்டு இப்போது எளிதில் மன்னிப்பதில்லை. முன்னர் பெயர் சொன்ன டுஜார்டின், பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில நாட்களுக்கு முன், பாடம் நடத்தும்போது மாணவரின் குதிரையின் கால்களைத் திரும்பத் திரும்பச் சாட்டையால் அடித்த பழைய காணொளி வெளியானதால் போட்டியிலிருந்து விலகினார். சர்வதேசச் சம்மேளனம் அவருக்கு ஓராண்டுத் தடையும் 10,000 சுவிஸ் பிராங்க் தண்டமும் விதித்தது. போட்டி அரங்கில் அல்லாமல் பாடத்தின்போது செய்த செயலுக்கே இந்தத் தண்டனை என்பதைக் கற்பிப்பவர்கள் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலும் விலங்கு வதையைத் தடுக்கும் கட்டளைச் சட்டம் 1907 முதல் இருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, அடித்துப் பெற்ற அசைவில் இறுக்கம் தெரியும், நல்ல நடுவர் அதற்குப் புள்ளி தர மாட்டார்.

ஊர் திரும்பிக் குதிரை வளர்ப்பதென்றால்

சான்றிதழோடு திரும்பி, மட்டக்களப்பிலோ அக்கரைப்பற்றிலோ திருக்கோவிலிலோ சிறிய பயிற்சிக்கூடம் அமைக்க எண்ணுபவர் இந்தப் பகுதியை இருமுறை படிக்க வேண்டும். ஐரோப்பாவில் கற்ற தீனி அறிவு இங்கே அப்படியே பொருந்தாது. நம் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் தீனிகளே குதிரையை முடமாக்கக்கூடும்.

அரிசி ஆலைகளில் தாராளமாகக் கிடைக்கும் தவிட்டில் பொசுபரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. மாட்டுக்கு வளர்க்கும் கோ-3 உள்ளிட்ட நேப்பியர் வகைகளிலும் கினிப் புல்லிலும் ஒக்சலேற்று இருப்பதால், புல்லில் உள்ள கல்சியமும் குதிரையின் உடலில் சேராமல் கட்டுண்டு போகிறது. மாட்டின் அசைவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் ஒக்சலேற்றைச் சிதைத்துவிடுகின்றன, குதிரைக்கு அந்த வசதி இல்லை. இந்த இரண்டையும் சேர்த்து மாதக்கணக்கில் கொடுத்தால், உடல் தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை உறிஞ்சத் தொடங்கும். காரணம் விளங்காத நொண்டல் வரும், முகத்தெலும்பு வீங்கும். ஆகவே தவிட்டை முதன்மைத் தீனியாக்காமல், புல்லை வகை மாற்றிக் கொடுத்து, கால்நடை வைத்தியரின் அளவுப்படி கல்சியச் சேர்க்கை கொடுக்க வேண்டும். வேலியோரத்து இபில் இபில் மரத்தின் இலையும் ஆகாது, அதிலுள்ள மிமோசின் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்துவிடும். வைக்கோலை மட்டும் போட்டு வயிற்றை நிரப்பினால் குடல் அடைப்பு வரலாம்.

கரையோர மணல் இன்னொரு சிக்கல். நிலத்தில் போட்ட புல்லோடு மணலையும் உண்ணும் குதிரையின் குடலில் மணல் படிந்து கடும் வயிற்றுவலி உண்டாகும். தீனியை உயரமில்லாத தொட்டியிலோ இறப்பர் விரிப்பின் மீதோ வையுங்கள்; அவ்வப்போது சாணத்தை வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டு அடியில் மணல் தங்குகிறதா என்று பாருங்கள். கடற்கரையின் ஆழமான காய்ந்த மணலில் பயிற்சி கொடுப்பது படத்துக்கு அழகாக இருக்கும், தசைநார்களுக்குக் கேடு. அரங்குக்கு அடித்தளம் இறுக்கி, அதன்மேல் மெல்லிய மணற்படை போட வேண்டும்.

கச்சான் வீசும் மாதங்களில் விடிகாலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். 500 கிலோ எடையுள்ள குதிரை சும்மா நின்றாலே நாளொன்றுக்கு 25 லீற்றருக்குக் குறையாமல் குடிக்கும், வெப்பத்தில் உழைத்தால் அதன் இரு மடங்கும் போதாது. வியர்வையில் உப்பு வெளியேறுவதால் நக்கும் உப்புக்கட்டி எப்போதும் இருக்கட்டும். வெப்பநாட்டில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். வேலைக்குப் பின் மூச்சிரைத்துக்கொண்டு தோல் காய்ந்திருக்கும் குதிரையை நிழலில் நிறுத்தி, உடல் முழுவதும் தொடர்ந்து தண்ணீர் ஊற்றி, வைத்தியரை அழையுங்கள். மாரியில் வெள்ளம் ஏறும் ஊர்களில் லாயத்தின் தளம் உயரமாக இல்லாவிட்டால் குளம்பு அழுகும். லாடம் கட்டுபவர் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும். அவரை எங்கிருந்து அழைப்பது என்பதை முடிவு செய்த பிறகே குதிரைக்கு முற்பணம் கொடுங்கள். தனிக்குதிரை வளர்க்காதீர்கள், அது கூட்டமாக வாழும் விலங்கு.

மாற்றுத்திறனாளிகளுக்கான பிரிவு

போரினாலும் சுனாமியினாலும் உடலுறுப்புப் பாதிப்புக்கு உள்ளானோர் பலர் வாழும் நம் மாவட்டங்களில், பயிற்றுவிப்பாளர் ஒருவர் உடனடியாகப் பயன்படக்கூடிய துறை இதுவே என்பது என் கணிப்பு. 1952 இல் பெண்களுக்கும் படை அதிகாரிகள் அல்லாதோருக்கும் ஒலிம்பிக் டிரெசாஜ் திறக்கப்பட்டபோதே, இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்த டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் வெள்ளி வென்றார். பராலிம்பிக்கில் 1996 முதல் டிரெசாஜ் இடம்பெறுகிறது. மூளை முடக்குவாதமும் செவிப்புலக் குறைபாடும் கொண்ட சிங்கப்பூரின் லாரன்ஷியா டான், 2008 இல் தம் நாட்டின் முதல் பராலிம்பிக் பதக்கத்தை இந்த விளையாட்டில்தான் பெற்றார்.

தொடங்குவதற்கு முன் மாணவரின் வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். முதுகெலும்பு உறுதியற்றவர்களையும் வலிப்பு கட்டுக்குள் வராதவர்களையும் ஏற்றக் கூடாது. சக்கர நாற்காலி ஏறக்கூடிய சரிவுமேடை ஒன்றைக் கட்டுங்கள். குதிரையைப் பிடித்து நடத்த ஒருவரும், இருபக்கமும் நடந்து மாணவரைத் தாங்க இருவரும் வேண்டும். போட்டி முறையில் ஐந்து தரங்கள் உண்டு. பாதிப்பு மிகக் கூடியவர்களுக்குரிய முதலாம் தரத்தின் நிகழ்ச்சிகள் முழுவதும் நடையிலேயே அமைந்தவை, அவற்றுக்கு 40 மீற்றர் அரங்கு போதும். அமைதியான குணமுள்ள ஒரு குதிரையும் பயிற்சி பெற்ற மூன்று உதவியாளர்களும் கிடைத்துவிட்டால், மைதானத்தில் சுண்ணாம்பால் வரைந்து பழகிய அந்தச் சிறிய அரங்கிலேயே முதலாம் தரப் பரீட்சைத் தாளை நடத்தத் தொடங்கலாம்.